பல் பிடுங்கிய வண்டி

“ஏங்கண்ணு, நீ வளையல் எந்த அளவு போடுவே?” என்று தீபன் மாமா ஒருநாள் என்னைக் கேட்டார்.

மாரியம்மன் நோம்பி வரப்போகிற நேரம். வாங்கித் தரத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. சொந்த மாமா முன்னாலும் வராது. உள்ளே போய் என் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து, குழாயில் அறுத்த ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். என் வளையலை அதற்குள் விட்டுப் பார்த்தார். உரசாமல் போய் வந்தது.

“போதும்,” என்று அம்மாவிடம் சொன்னார். “நோம்பி முடிஞ்சதும் அனுப்புக்கா.”

அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தம்பி சொன்னால் சொன்னதுதான். நோம்பி முடிந்த திங்கட்கிழமை நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. பல்லடம் ரோட்டில் இருந்த மாமாவின் பட்டறைக்குப் போனேன். வளையல் வரவேயில்லை. அந்த வேலைக்கு வளையல் போடக் கூடாது.

முதல்நாள் ஒரு பழைய காரின் பானட்டைத் தூக்கிவிட்டு மாமா உள்ளே கை காட்டினார்.

“இந்த வண்டி பொறந்தப்ப இந்தப் பெட்டி கெடையாது கண்ணு. சட்டம் வந்தப்பறம் மாட்டுனது. எடமே இல்லாத எடத்துல சொருகியிருக்கானுங்க பாரு.”

இஞ்சினுக்கும் அதன் பின்னால் இருந்த தகட்டுச் சுவருக்கும் நடுவில், பெரிய டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி நெருக்கிக்கொண்டு நின்றது.

“முன்னாடி இருக்கற போல்ட்டை எவன் வேணாலும் கழட்டலாம். பின்னாடி ஒண்ணு இருக்குது. அதுக்கு இஞ்சினை எறக்கோணும். எறக்குனா அதுல இருக்கற கவர்மெண்டு ஈயமுத்திரை ஒடஞ்சிரும், மாட்டிக்குவோம். எறக்காம எட்டோணும்னா உன்ற கை வேணும்.”

பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த சபரி அண்ணன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, “பெட்டி எதுக்குன்னு சொல்லிக் குடுங்க முதலாளி. புள்ள பயப்படுதில்ல,” என்றார்.

“ரெண்டு வேலை செய்யுது. கரியைப் புடிக்கறது ஒண்ணு. புடிபடாம வெளிய போற புகையில ஒரு தூளைக் கலந்து உடறது இன்னொண்ணு. குறித்தூளுங்கறாங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தூள், கைரேகையாட்டம். ஊருக்குள்ள ஒருத்தன் இருமுனா அவன் நெஞ்சைச் சோதிப்பாங்க. எவன் வண்டித் தூள் ஜாஸ்தியா இருக்குதோ, அவன்தான் அவனுக்கு வைத்தியம் பாக்கோணும். புகைப்பொறுப்புச் சட்டம்.”

நல்ல சட்டம்தானே என்று மனதுக்குள் கேட்டேன். மாமாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“சட்டம் நல்லாத்தான் இருக்குது,” என்றார். “அதனாலதான் நமக்குச் சோறு.”

“தீபா, வண்டிக்குப் பல்வலி” என்று போன் வரும். பல் என்றால் பெட்டி. வண்டி வந்ததும் ஷட்டரை இறக்குவோம். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு சூடு ஆறாத இஞ்சினுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விடுவேன். பிடுங்கிய பெட்டியின் பின்புறத்தைச் சபரி அண்ணன் அறுத்து, உள்ளே தூளோடு இருக்கும் சாம்பல்நிறக் கட்டியை எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைப்பார். வெறும் கூடு. அதற்குப் பெயர் பொய்ப்பல். அதை மறுபடியும் அதே இடத்தில் பூட்டிவிடுவோம். இஞ்சினின் ஈயமுத்திரையும் பெட்டி முன்பக்கத்து அரசாங்க முத்திரையும் அப்படியே இருக்கும். வருடச் சோதனையில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புகையைப் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பெட்டி இருக்கிறதே.

அதற்குப் பிறகு அந்த வண்டியின் புகை கறுப்பாக வரும். ஆனால் அதில் தூள் இருக்காது. அது யார் நெஞ்சுக்குள் போனாலும் யாருடையது என்று சொல்ல முடியாது. பெயரில்லாத புகை.

எங்களைப் போன்றவர்களுக்குக் கரண்ட் பஸ்தான். பெட்ரோல், டீசல் வண்டி வைத்திருப்பது அப்போது பவிசு. பட்டறைக்கு வக்கீல் வந்தார், நகைக்கடைக்காரர் வந்தார், ஒரு நெஞ்சு டாக்டரும் வந்தார்.

“நீங்களே நெஞ்சு டாக்டருங்க,” என்று மாமா அவரிடம் சிரித்தார்.

“அதனாலதாம்ப்பா வந்தேன். ஊர்ல எத்தனை பேரு இருமறாங்கன்னு எனக்குத்தானே தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். என் கை அவருடைய இஞ்சினுக்குள் இருந்தது. என் முன்னால் யாரும் எதையும் மறைத்துப் பேச மாட்டார்கள். நான் அவர்களுக்கு ஜாக்கி மாதிரி.

“பேச்சு வராதா இந்தப் புள்ளைக்கு?” என்று ஒருவர் கேட்டார்.

“வருமுங்க. வேண்டாம்னு வச்சிருக்குது,” என்றார் மாமா.

ஒருநாள் காலையில் என் பள்ளிக்கூடத்தின் தாளாளர் குழந்தைவேல் வந்தார். அவருடைய பெரிய வெள்ளை ஜீப்பைத் தினமும் பள்ளி கேட்டில் பார்த்திருக்கிறேன். பிரேயரில் மரம் நடுவதைப் பற்றிப் பேசுவார். பிறந்தநாள் வந்த பிள்ளைகளுக்கு வேப்பங்கன்று கொடுப்பார். எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்.

மாமா பெட்டியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “புதுப்பல்லுங்க சார். நேத்து மாட்டுனதாட்டம் இருக்குது. கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாங்களே.”

“ஓட்டிப் பாத்தாச்சு தம்பி. மேடு ஏற மாட்டேங்குது. அதுவும் போகட்டும். நாளைக்கு எவளாச்சும் ரோட்டுல இருமுனா எம் பேர்ல எழுதிருவானுங்க.”

பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

“நீ நம்ம ஸ்கூல் புள்ளைதானே? ஏம்மா நின்னுட்டே? பொம்பளப் புள்ளைக்குப் படிப்புதாம்மா முக்கியம்.”

என் முழங்கைக்குக் கீழே எக்ஸாஸ்ட் குழாய் பட்டுத் தோல் பொரிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்பினேன்.

“கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார். “பிரேயருக்குப் போகணும்.”

அந்தக் கட்டிகளை உடைக்கிற வேலை அம்மாவுடையது. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் சாம்பல்நிற ஓடு. அதன்மேல் விலை உயர்ந்த உலோகம் பூசியிருப்பார்களாம். கட்டியாகக் கொடுத்தால் வடக்கிலிருந்து வருகிற வியாபாரி முகம் சுளிப்பான். மாவாக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அம்மா அதை உடைத்து, ஆட்டாங்கல்லில் இட்டு அரைத்து, முறத்தில் போட்டுப் புடைப்பாள்.

புடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அது அவளாகச் செய்தது. “அரிசி புடைக்கறவளுக்கு இது என்ன பெரிய வேலையா?” என்றாள். முறத்தைத் தட்டித் தட்டி எறிந்து பிடிக்க, ஓட்டுத் துண்டு முன்னால் சேரும், மாவு பின்னால் தங்கும். நடுவில் ஒரு வெளுத்த தூள்புகை எழும்பி அவள் முகத்தின் மேல் படியும். வேறு எந்த ஊரிலும் இதைச் சல்லடை இயந்திரத்தில் போட்டு மூடிவைத்துத்தான் செய்வார்களாம். எங்களிடம் முறம் இருந்தது. புடைக்கத் தெரிந்த அம்மா இருந்தாள்.

சாயங்காலம் மாமா எல்லோருக்கும் ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். நெஞ்சில் போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பஞ்சு மில்லிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். மாமா மூக்குக்கு ஒரு மறைப்பு வாங்கித் தரவில்லை. வெல்லம் வாங்கித் தந்தார். அதுவும் நல்ல வெல்லம், கரும்பாலையிலிருந்து நேராக வருவது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

தூள் தீராத தாளாளரின் புதுப்பல்லை உடைத்த பிறகு அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் வெல்லத்தைக் கூட்டினார்கள். அப்புறம் படி ஏறினால் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பேசும்போதே பாதி வார்த்தையில் நின்று மூச்சைத் தேடினாள். மாமாவிடம் சொல்லாமலே நான் அவளைச் சோதனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெண் அம்மாவைக் குழாயில் ஊதச் சொன்னாள். திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்க எங்க குடியிருக்கீங்க?”

“பல்லடம் ரோட்டுலங்க.”

“இவ்வளவு தூள் நான் பார்த்ததே இல்ல. நெறைய வண்டி இருக்கு, ஆனா மத்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். ஒரே ஒரு வண்டிதான் அப்பிக்கிட்டு இருக்கு.”

திரையில் அந்த வண்டியின் எண் இருந்தது. பிரேயர் முடிந்து வெயிலில் நின்றபோதெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த எண்.

“பொழைக்குமா இது?” என்று அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டாள்.

“பொழைக்கும்மா. நுரையீரலைத் தண்ணி விட்டுக் கழுவிரலாம். ஆனா சீக்கிரம் கழுவணும். தூள் உள்ள இறுகிட்டா அப்புறம் கழுவ முடியாது. கவலைப்படாதீங்க, வண்டிக்காரர்தான் செலவு பண்ணணும். அவர் ஆட்சேபணை சொல்லலைன்னா உடனே ஆஸ்பத்திரில சேர்த்துருவாங்க.”

“யாரோ, நல்லா இருக்கட்டும்,” என்றாள் அம்மா.

பஸ்ஸில் வரும்போது என் நகத்தால் என் உள்ளங்கையையே கிழித்துக்கொண்டேன்.

நல்லா இருக்கட்டும் என்று அம்மா வாழ்த்திய அந்த ஆள் ஆட்சேபணை சொன்னார். அம்மாவை விசாரணைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு வியர்த்திருந்தது.

“ஏன்டி சோதனைக்குக் கூட்டிட்டுப் போனே? எங்கிட்டச் சொன்னா நான் பாத்திருக்க மாட்டனா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்வையை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அக்கா, பட்டறைன்னு வாயே தொறக்காத. பெட்டியை ஒடச்சவங்களுக்குச் சட்டத்துல வைத்தியம் கெடையாது. ஜெயில்தான். ஸ்கூல் கேட்டுல கம்மங்கூழ் வித்தேன்னு சொல்லு. ஜீப்பு தெனமும் அங்கதான் நிக்குது. புகை பட்டுருச்சுன்னு சொல்லு.”

“ஒருநா கூட வித்ததில்லையே தீபா.”

“பொய்தான். ஆனா உன்ற நெஞ்சுல இருக்கறது நெசந்தானே?”

அம்மா யோசித்தாள். “கூழு ஒரு சொம்பு என்ன வெலைன்னு கேட்டா என்ன சொல்றது?” என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. மாமா சிரித்துவிட்டார். எனக்கு எழுந்துபோய் அந்தச் சிரிப்பின் மேல் சாதத் தண்ணியைக் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

விசாரணை அதிகாரியின் பெயர் ஆர்த்தி. அந்த அலுவலகம் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னால் புங்கமரமும் கார் நிறுத்தும் இடமும். வெயில் ஏறாத நேரத்திலேயே போய்விட்டோம். அதிகாரி அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவந்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார். தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார். எங்களை இதற்கு முன் யாரும் அப்படி நடத்தியதில்லை. மாமா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்.

தாளாளர் தன் ஜீப்பையே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். “பானட்டைத் தொறந்தே வச்சிருக்கேன் மேடம். பெட்டி இருக்கு. முத்திரை இருக்கு. பாத்துக்குங்க.”

அதிகாரி போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “முத்திரை சரியா இருக்கு,” என்றார். அப்புறம் அம்மாவிடம், “நீங்க சொல்லுங்கம்மா. அவசரமில்ல,” என்றார்.

அம்மா சொன்னாள். கூழ், சொம்பு, மோர் மிளகாய், கேட்டு, ஜீப்பு. இல்லாத கடையைச் சொல்லும்போது இருக்கிற இருமல் குறுக்கே வந்துகொண்டே இருந்தது.

தாளாளர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “மேடம், அந்த கேட்டுல தெனமும் எங்க குழந்தைங்க நிக்கறாங்க. எல்லாருக்கும் நானே சோதனை எடுக்கச் சொன்னேன். ஒருத்தர் நெஞ்சுலகூட எங்க ஜீப்புத் தூள் இல்ல. பொட்டு இல்ல. முடிவெல்லாம் உங்களுக்கே அனுப்பியிருக்கேன்.”

“பார்த்தேன். ஆனா குழந்தைங்க நெஞ்சுல புகை நெறைய இருக்கே சார்?”

“இருக்கு. பேரில்லாத புகை. எவன் வண்டியோ. இப்ப எல்லார்கிட்டயும் அது கொஞ்சம் இருக்குங்க மேடம். காலம் அப்படி.”

அந்த கேட்டில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிள்ளைகளின் நெஞ்சில் அவர் ஊதிய கரியில் அவர் பெயர் இல்லை என்பதுதான் அவருடைய சாட்சி. அந்தப் பெயரை அழிக்க இஞ்சினுக்குள் போன கை என் மடியில் இருந்தது.

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். “குழந்தைங்ககிட்ட இல்லாத தூள் உங்ககிட்ட மட்டும் எப்படிம்மா இவ்வளவு? உங்களுக்கு உடம்பு முடியலைன்னு எனக்குத் தெரியுது. கையெழுத்துப் போடத்தான் நினைக்கிறேன். ஆனா நீங்க சொல்றது நிக்கணும்ல?”

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

“விடுங்க மேடம்,” என்றார் தாளாளர். குரலில் அவ்வளவு கனிவு. “பாவம், யாரோ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நான் இவங்க மேல ஒண்ணும் கேஸ் போடப் போறதில்ல. அந்தம்மா உக்காந்து பொழைக்கறதுக்கு வேணா ஒரு தையல் மிஷின் வாங்கித் தர்றேன்.”

நான் எழுந்தேன்.

என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் கேட்டுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பி சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போனேன். வாட்ச்மேன், “ஏ புள்ள, ஏ புள்ள,” என்றார். அந்தப் பெட்டியை நசுக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர என் தலைக்குள் வேறொன்றும் இல்லை. ஓங்கி அடித்தேன்.

டங்கென்று ஒலித்தது. கிணற்றடியில் கைதவறி விழுந்த வெறுங்குடம் போல.

அதிகாரி வாசலுக்கு வந்தார். நான் இன்னொரு முறை அடித்தேன். அதே சத்தம். புங்கமரத்திலிருந்த காக்கைகள் எழும்பின.

“நிறுத்தும்மா,” என்றார் அவர். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து காதைச் சாய்த்தார். “இன்னொரு தடவை தட்டு. மெதுவா.”

தட்டினேன்.

“உள்ள கட்டி இருந்தா இப்படியா கேக்கும்?” என்று தாளாளரைப் பார்த்தார். “சார், பெட்டி காலின்னா உங்க ஆட்சேபணையே செல்லாது. தூள் எப்படி வந்துச்சு, எங்க வந்துச்சுன்னு நான் கேக்கவே வேண்டியதில்ல. சட்டம் அப்படித்தான் சொல்லுது. இந்த அம்மாவுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்.”

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

தாளாளர் தன் கண்ணாடியைத் துடைத்தார். “தகரப் பெட்டி மேடம். இரும்புக் கம்பி. அடிச்சா சத்தம் வரத்தான் செய்யும். எல்லாப் பெட்டியும் இப்படித்தான் கேக்கும்.”

“அப்படியா? அதையும் பார்த்துருவோம்.” அதிகாரி என் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டார். “என் வண்டி நிக்குது. எங்கப்பா ஓட்டுன வண்டி, இதே பெட்டிதான். போன மாசம்தான் சோதனை முடிஞ்சு வந்துச்சு. நல்ல பெட்டி எப்படிக் கேக்கும்னு எல்லாருமே கேட்டுக்குங்க.”

மரத்தடியில் ஒரு நீலக் கார் நின்றது. அவர் அதை நோக்கி நடந்தார்.

“மேடம்,” என்று மாமா கூப்பிட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை. “அது வேண்டாங்க.”

அதிகாரி நின்று திரும்பினார். “ஏன்?”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி மாமாவைப் பார்த்தார். பிறகு காரின் பானட்டைத் தூக்கி நிறுத்தினார்.

மாமா என் பக்கமாகச் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினார். “அவங்க வீட்டுக்காரர்தான் நம்மகிட்ட எடுத்துட்டு வந்தாரு. இவங்களுக்குத் தெரியாது.”

அதிகாரி குனிந்து தட்டினார்.

வெறுங்குடம்.

கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் தட்டினார். ஓரத்தில் தட்டினார். பிறகு கம்பியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, காதில் விழுந்தது கம்பியின் குற்றமோ என்பதுபோல், மடக்கிய விரலால் தட்டினார். அதற்கும் அது வெறுமையாகத்தான் பதில் சொன்னது.

வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். எனக்குள் எரிந்துகொண்டிருந்தது இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. சொல்லுங்கள் என்று அதிகாரியைப் பார்த்தேன். ஆமாம், என் வண்டியும்தான் என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்தைப் போடுங்கள். உங்களால் முடியும். நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள்.

தாளாளர்தான் முதலில் அசைந்தார். தன் ஜீப்பின் பானட்டை மெல்ல இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

“நான்தான் சொன்னேனுங்களே மேடம்,” என்றார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில். “எல்லாப் பெட்டியும் இப்படித்தான் கேக்கும்.”

அதிகாரி நிமிர்ந்தார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். உள்ளே மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்த அம்மாவின் காகிதம் விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பைத்தான் பாரமாக வைத்திருந்தார்.

அவர் பானட்டை மூடினார். கைப்பையைத் திறந்தார். பேனாவுக்கு என்று நினைத்து அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பத் தயாராக ஓரடி முன்னால் வந்தாள்.

அவர் எடுத்தது கார்ச் சாவி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டி உறுமிக் கறுப்பாக ஊதியது. ரிவர்ஸ் எடுக்க இடம் போதவில்லை. அம்மா நடுவழியில் நின்றிருந்தாள்.

அம்மாதான் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, வண்டிக்கு வழி விட்டு ஒதுங்கினாள். அதிகாரி கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.